காஞ்ச கம்மாய், நாலாவது பாட்டு

…அந்த முத்துசெல்வம் பயலத்தாம்மா சொல்லணும். போஸ்டர் அடிக்கத் தெரியுமாலே ஒனக்குன்னு கேட்டேன். "என்ன பாய் இப்படிக் கேக்குதீங்க, கோவில்பட்டியில பாதிச் சொவரு நம்ம வேலதான்"ன்னான். நானும் நம்பிட்டேன். பெறவுதான் யோசிக்கேன், கோவில்பட்டிச் சொவத்துல பாதிக்கு மேல யாரு இருக்கா? செத்தவுகதான இருக்காக! அவன் கைக்கு அதத் தவிர ஒண்ணும் வராது. கல்யாணப் போஸ்டர் குடுத்தாலும் மாப்பிள்ள தலைக்கு மேல ரெண்டு கண்ண வரஞ்சு கண்ணீரு சொட்ட விட்டுருவான்.

அய்யோ, நீங்க மொளகா வத்தலக் கிள்ளுங்கம்மா, எனக்காக நிறுத்தாதீங்க. நான் இங்கன, இந்தச் சாக்கு ஓரத்துல உக்காந்துக்கிடுதேன். அச்… அச்சூ! ஒண்ணுமில்ல, நெடி. பழக்கம் இல்லாத மூக்கு. செருப்புத் தோலு வாசன புடிச்சே வளந்த மூக்கும்மா இது.

நான் யாருன்னே நீங்க கேக்கலையே. வந்து கால் மணி நேரமா நானா பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குக் காம்பக் கிள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கீங்க. நாந்தாம்மா சம்சுதீன். கோவில்பட்டி மெயின் ரோட்டுல செருப்புக் கட. உங்களச் சாகடிச்சவன்.

ஆங், இப்பப் பாத்தீங்களா நிமிந்து! அதான், அந்தப் போஸ்டரு போட்டது நாந்தான்.

மொதல்ல இதப் புடிங்க. தப்பா எடுத்துக்கிடாதீங்க, பழம் கிழம் வாங்கிட்டு வரலாம்னுதான் நெனச்சேன். எங்க வீட்ல ஆயிஷா பீவி சொன்னா, "செத்துப் போனாவன்னு ஊரு பூரா ஒட்டிட்டு வாழப்பழமும் ஊதுவத்தியும் தூக்கிட்டுப் போனீங்கன்னா கருமாதிக்கு வந்திருக்கீங்கன்னு வெரட்டி அடிப்பாவ"ன்னு. சரிதான்னு பட்டுச்சு. அதான் கடையிலேருந்து ஒரு சோடி செருப்பு. ஏழாம் நம்பரு, மெத்துன்னு இருக்கும், முள்ளு ஏறாது. அடிக்கணும்னு தோணுச்சுன்னா இதுலயே அடிங்க. புதுசு, கையும் வலிக்காது.

சிரிக்க மாட்டேங்கீங்க. சரி.

நான் நெனச்சது என்னன்னா… நல்ல காரியந்தாம்மா நெனச்சேன், அல்லா மேல ஆண. உங்க 'காஞ்ச கம்மாய்' கேசட்டு வந்து இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. எட்டுப் பாட்டு. ஒரு உடுக்கு, ஒரு புல்லாங்குழலு, நீங்க. வேற ஒண்ணும் கெடையாது. அதுக்கு ஒரு கூட்டம் போடுவோம், எட்டுப் பாட்டையும் வரிசையாப் போட்டு உக்காந்து கேப்போம், கேட்டவுக நாலு வார்த்த பேசட்டும்… இவ்வளவுதான். இதுக்குப் போயி ஒரு போஸ்டரு. உங்க படம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான், கேசட்டு அட்டையில உள்ளது. கருப்பு வெள்ள, வெரல் நகம் அகலம். அத அந்தப் பய ஊதி ஊதிப் பெருசாக்குனான். சுத்தி கருப்புப் பட்ட. கீழ கேசட்டு வந்த வருசத்தையும் இந்த வருசத்தையும் போட்டு நடுவுல ஒரு கோடு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தெட்டு, கோடு, ரெண்டாயிரத்தி இருபத்தி மூணு.

படம் நாப்பது வயசு மதிக்கத்தக்க பொம்பள. கீழ இருக்க ஆயுசு இருபத்தஞ்சு வருசம். ஒருத்தனாவது கணக்குப் போட்டுப் பாத்தானா? பாக்க மாட்டான். செத்தவுக போஸ்டர்ல மூஞ்சியப் பாப்பான், 'அடப் பாவமே'ம்பான், டீக்கடைக்குள்ள போயிருவான். நம்ம சனம் அப்படி.

கேளுங்க, இதுல பெரிய கூத்து என்னன்னா, ஒட்டுதவன்கிட்ட நான் வேற சொல்லி அனுப்பியிருக்கேன். "ஏலே, எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் ஒட்டிட்டு, நாகலாபுரத்துலயும் பத்து ஒட்டிட்டு வா, அந்தம்மா வாழ்ந்த மண்ணு, அந்த ஊருக்கு ஒரு மரியாத"ன்னு. மரியாத! அவன் நேரா வந்து உங்க வீட்டுக் காம்பவுண்டுச் சொவத்துல கைய வச்சு, "பெரியம்மா, இதுல ஒண்ணு ஒட்டிக்கிடவா"ன்னு கேட்டிருக்கான். நீங்களும் "ஒட்டிட்டுப் போய்யா"ன்னு சொல்லிட்டு வத்தலுக்குப் போயிட்டீங்களாமே! அவனுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. உங்க மூஞ்சி உங்களுக்கே அடையாளம் தெரியலன்னா அந்த முத்துசெல்வம் என்னா லச்சணத்துல ஊதியிருக்கான்னு பாத்துக்கோங்க.

அடுத்து உங்க தம்பி. கடம்பூர் ராஜபாண்டி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல போஸ்டரப் பாத்திருக்காக. போன் பண்ணி விசாரிக்கணும்லா? பண்ணல. பண்ண மாட்டாக, கோவம் வேற. அக்கா செத்ததச் சொவத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட வேண்டியதாப் போச்சேன்னு. அப்படியே ஜவுளிக்கடைக்குப் போயி, பொறந்த வீட்டுக் கோடி போடணும்லா, சேல எடுத்து, மால எடுத்து, லோடு ஆட்டோவுல இருவது பேர ஏத்தி, வழி நெடுக அழுதுக்கிட்டு இங்கன வந்து எறங்குனா… நீங்க முத்தத்துல நின்னு கோழிக்குத் தவிடு பெசஞ்சுக்கிட்டு இருக்கீங்க.

அந்தச் சேதி கோவில்பட்டி வரைக்கும் வந்துதான் நீங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியும், மிச்சத்த இந்த ஊரு டீக்கடையில சொன்னாக. எறங்குன பொம்பளையாளுக அழுகய நிறுத்த முடியாம அழுதாகளாம். அம்புட்டுத் தூரம் அழுதுட்டு வந்தவுகளுக்குச் சட்டுன்னு நிக்காதுல்லா. நீங்க போயி ஒவ்வொருத்தரா முதுகத் தடவி விட்டீங்களாம்.

அந்தச் சேல… அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா? இப்ப உடுத்தியிருக்கீங்களே, இதுவா அது? கோடிச் சேலையவா?

துணி என்னத்தப் பண்ணுச்சுங்கீங்க. அதுவும் சரிதான். நல்ல சேல. கரையும் நல்லாருக்கு. கடம்பூர் தம்பி நல்லாத்தான் பாத்து எடுத்திருக்காக… ஆனா இப்ப உங்ககூடப் பேசுதாகளா? பேசலையா? நீங்க சாகலன்னு கோவமா? இல்ல, இல்ல, தெரியுது, ஊரு சிரிச்ச கோவம். நான் அவுக கால்லயும் போயி விழுதேன். நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் கடம்பூருதான்.

திட்டவாவது செய்யுங்கம்மா. திட்டு வாங்கிட்டுப் போலாம்னுதான் கடைய அடைச்சுட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்.

கேசட்டு எப்படி என் கைக்கு வந்துச்சுன்னு சொல்லவா? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில ஒருத்தன் போட்டு வித்தான். நான் வாங்குனது நாகூர்ப் பாட்டுன்னு நெனச்சு. அவன் அவசரத்துல வேற கேசட்டத் தூக்கிக் குடுத்துட்டான். வீட்டுக்கு வந்து போட்டா உடுக்குச் சத்தம்! ஆயிஷா பீவி அடுப்படியிலேருந்து ஓடியாரா, "என்னங்க, சாமி எறக்குதீங்களா வீட்டுக்குள்ள"ன்னு. நிறுத்தப் போனேன். அதுக்குள்ள நீங்க பாட ஆரம்பிச்சுட்டீங்க. நிறுத்தல. அன்னையிலேருந்து நிறுத்தலம்மா.

கடையில அதான் ஓடும். ஒரு தடவ ஒரு குடும்பம் கல்யாணப் பொண்ணுக்குச் செருப்பு எடுக்க வந்தாக. பொண்ணு கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, நான் ஒரு கையில செருப்ப வச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணியோட நிக்கேன், அஞ்சாவது பாட்டு ஓடுது. தாய்க்காரி புள்ளையத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டா. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எழவு பாட்டுப் போடுதான், கூறுகெட்ட மனுசன்"ன்னு தெருவுல நின்னு கத்துதா. ஆயிஷா பீவி சொல்லுவா, "உங்களுக்கு எதிர்க்கடைக்காரன் வேண்டாம், அந்தம்மா ஒருத்தி போதும்"ன்னு.

அப்புறம் ஆளு சேந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்த பெருமாள்சாமி, ரிட்டேடு ஆன கல்யாணசுந்தரி டீச்சர், இன்னும் மூணு பேரு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம எங்க கட மாடியில, செருப்புப் பொட்டிக்கு நடுவுல உக்காந்து கேப்போம். சட்டம் என்னன்னா, பாட்டு ஓடும்போது யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சட்டம் போட்டது நானு. மீறுத ஒரே ஆளும் நானு. "இந்தா வருது, இந்தா வருது, இப்பப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். டீச்சர் ஒரு நா எந்திரிச்சு, "பாய், அந்தம்மா பாடுனத விட நீங்க பேசுனதுதான் எனக்கு மனப்பாடம்"ன்னாக. வாஸ்தவம்.

அந்த நாலாவது பாட்டு இருக்குல்லா. 'மேகம் கெழக்க போச்சு'. அது மட்டும் வேறம்மா.

கேசட்டு வாங்குன புதுசுல என் தம்பி அப்துல் நாசர் சவுதியில இருந்தான். லாரி கவுந்து அங்கனயே மவுத்தாயிட்டான். அங்கனயே அடக்கம் பண்ணிட்டாக. நாங்க மொகத்தப் பாக்கல, மண்ணு அள்ளிப் போடல. ஜமாத்துல வந்தாக, சொந்தக்காரவுக வந்தாக, எல்லாரும் அழுதாக. எனக்கு வரல. ஒரு சொட்டு வரல. கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். தம்பிக்கு அழாதவன்னு எங்க பெரியம்மாவே ஒரு மாதிரி பாத்தாக. நாலு நா கழிச்சுக் கடையத் தொறந்து சும்மா உங்க கேசட்டப் போட்டேன். நாலாவது பாட்டுல, 'நான் எங்கிட்டுப் போவேன் தாயே'ன்னு வருதுல்லா, அதுல 'போவேன்'ங்கும்போது உங்க கொரலு ஒரு எடத்துல ஒடையும். அங்கன நானும் ஒடஞ்சேன். சட்டரப் பாதி எறக்கிட்டு, செருப்புப் பொட்டி மேல தலைய வச்சு அழுதேன். நல்லா அழுதேன்மா. அதுக்குப் பெறவுதான் சோறே எறங்குச்சு.

அத உங்ககிட்டச் சொல்லணும்னு இருபத்தஞ்சு வருசமா ஆச.

சொல்லியிருக்கலாம்ல? அதான், அங்கதான் இடிக்குது. இருங்க, அந்த முத்துசெல்வம் பயலத் திட்டுனேன்ல, அத வாபஸ் வாங்கிக்கிடுதேன். அவன் மேல தப்பு இல்ல. டிசைன் போடுததுக்கு முன்னாடி அவன் ஒண்ணு கேட்டான். மௌச கையில புடிச்சுக்கிட்டே கேட்டான், "பாய், இந்தம்மா இருக்காவளா, போயிட்டாவளா?"ன்னு. அத வச்சுத்தான பார்டர் போடணும் அவனுக்கு.

நான் சொன்னேன், "போயிட்டாவப்பா"ன்னு.

பட்டுன்னு சொல்லிட்டேன். யாரும் எனக்குச் சொல்லல, நான் யாரையும் கேக்கல. இப்படிப் பாடுனவுக எப்படி இன்னும் இருப்பாவன்னு நானா நெனச்சுக்கிட்டேன். இல்ல… அதுவும் முழு உண்ம இல்லம்மா. வத்தல் நெடிக்கு முன்னால உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. நீங்க உசுரோட இருக்கீங்கன்னா நான் வந்து பாக்கணும்லா? சவுரியமா இருக்கீங்களான்னு கேக்கணும்லா? ரெண்டு பஸ்ஸு, அம்புட்டுத்தான். தூத்துக்குடிக்குச் செருப்பு எடுக்க மாசம் ரெண்டு தடவ போறேன், இங்கன ஒரு தடவ வரல. போயிட்டாவன்னு வச்சுக்கிட்டா எனக்கு வசதி. கேசட்டுக்குக் காச்ச வராது, கண்ணு தெரியாமப் போகாது, அதுக்கு மருந்து வாங்கிக் குடுக்க வேண்டாம். பட்டனத் தட்டுனா பாடும், தட்டுனா நிக்கும்.

பெரிய ரசிகன்! மாடியில கூட்டம் வேற.

சரி, விசயத்துக்கு வாரேன். வார ஞாயித்துக்கெழம கூட்டம். நீங்க வரணும். கார் ஏற்பாடு பண்ணிட்டேன், வாசல்ல வந்து ஏத்தி, வாசல்ல எறக்கி விட்டுருவோம். 'அம்மா நலமாக உள்ளார், விழாவுக்கு வருகிறார்'ன்னு புதுப் போஸ்டரும் அடிக்கச் சொல்லிட்டேன். அடிச்சுக் கொண்டாந்தான். அதே கருப்புப் பட்ட. ஏம்லேன்னு கேட்டா, "இருக்கதுலயே இதான் பாய் எடுப்பா இருக்கு"ங்கான். கிழிச்சுப் போட்டுட்டேன். நீங்க வந்து மேடையில நின்னாப் போதும், அதுக்கு மேல என்ன போஸ்டரு? பாட வேண்டாம். உக்காந்து எங்ககூடக் கேட்டாப் போதும்…

என்ன? எந்தப் பாட்டையா?

உங்க பாட்டும்மா! எட்டுப் பாட்டு… இம்புட்டு நேரம் எதச் சொல்லிக்கிட்டு இருக்கேன்…

நீங்க கேட்டதே இல்லையா?

ஒரு தடவகூடவா? பாடி முடிச்சதும் கேசட்டுக் கம்பெனிக்காரன் பஸ் ஏத்தி விட்டுட்டானா? ஒரு கேசட்டுகூடவா குடுக்கல? ஊருல எங்கயாவது, திருவிழா, டீக்கட… இல்ல. இல்லையா. ஏன், நான் ஒருத்தன் கோவில்பட்டியில பிள்ளைங்க காது புளிக்க ஓட விட்டிருக்கேனேம்மா. உங்க காதுக்கு வரலையா.

இருங்க. இருங்க. போன்ல இருக்கு. என் மக நஸீமா மெட்ராசுக்குப் போறதுக்கு முன்னால இதுல ஏத்திக் குடுத்துட்டுப் போனா. கண்ணாடி எங்க… இந்தா. ஒண்ணாவது வேண்டாம், நேரா நாலாவதுக்கே போயிருவோம். காதுகிட்ட வச்சுக்கோங்க. கையில வத்தல் இருக்கா? நான் புடிச்சுக்கிடுதேன், நீங்க சும்மா இருங்க.

ஆங். உடுக்கு. கேக்குதா? இப்ப குழலு. இந்தா… நீங்க! நீங்கதாம்மா அது! கொரலு எப்படி இருக்கு பாத்தீங்களா! அட, வெக்கப்படுதீங்களே. நல்லாருக்கும்மா, சத்தியமா நல்லாருக்கு. கொஞ்சம் கூட வைக்கவா? வேண்டாமா? சரி, நான் பேசல. நான் பேசல.

…இந்தா வருது, இந்தா வருது. 'மேகம் கெழக்க போச்சு… மேஞ்ச மாடு மேக்க போச்சு… நான் எங்கிட்டுப் போவேன்…' இங்கன! கேட்டீங்களா? கீறுன மாதிரி வருதுல்லா? இந்த எடந்தாம்மா! இதுக்குத்தான் இத்தன வருசமா எங்களுக்குள்ள சண்ட. டீச்சர் சொல்லுவாக, தாயில்லாப் பொண்ணு தாய நெனச்சு ஒடைஞ்ச எடம்னு. பெருமாள்சாமி சொல்லுவாரு, அது மழயப் பாத்துப் பாத்து வெள்ளாமையில ஏமாந்த சம்சாரி அழுகன்னு. நான் சொல்லுவேன், இல்லவே இல்ல, யாரோ திரும்பி வராதவனுக்குத்தான் அதுன்னு. நீங்களே சொல்லிருங்கம்மா. எத நெனச்சு அந்த எடத்துல ஒடஞ்சீங்க?

என்னது?

தாகமா?

…ரெக்கார்டிங் ரூம்புல காத்தாடிய நிறுத்திட்டானா. சத்தம் பதிஞ்சிரும்னு. சன்னலையும் சாத்தி. சித்திர மாசம். காலம்பற உள்ள போனவுக. ரெண்டு பாட்டு முடிஞ்சதுமே தண்ணி கேட்டிருக்கீங்க. அவன் கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்து, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு வெரலக் காட்டிக்கிட்டே… நாலாவதுல தொண்ட ஒட்டிக்கிடுச்சு. அதான் அந்தச் சத்தம். பாட்ட நிறுத்தப் போனீங்க, அவன் நிறுத்த விடல. நல்லாருக்கு, நல்லாருக்குன்னு கைய ஆட்டுனான்.

அவ்வளவுதானா. வேற ஒண்ணுமே இல்லையா அங்க.

இல்ல, நான் ஒண்ணும் வருத்தப்படல. நான் அழுதது பொய்யாயிருமா? ஆகாது. நாசருக்குத்தான் அழுதேன், அது எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, அந்த எடம் வரும்போதெல்லாம் நான் என்ன செய்வேன் தெரியுமா? கைய ஆட்டுவேன். இப்படி. 'ஆகா, ஆகா'ன்னு. மாடியில ஆறு பேரும் ஆட்டுவோம். ஒரு பொம்பள தண்ணி குடுங்கய்யான்னு இருபத்தஞ்சு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கா, நாங்க சுத்தி உக்காந்து, இன்னொரு தடவ போடுங்க பாய், இன்னொரு தடவன்னு…

…இல்லம்மா, அழல. நெடி. வத்தல் நெடி.

ஏன், ஏன் எந்திரிக்கீங்க? கோவமா? அந்தச் செம்பு எதுக்கு? எனக்கா? வந்ததுலேருந்து பேசுதேன், தொண்ட கட்டிப்போச்சுங்கீங்களா?

கொரலு லேசா ஒடஞ்சதுக்கே செம்பத் தூக்கிட்டீங்களேம்மா!

குடுங்க அத இங்க. நீங்க உக்காந்து மிச்சப் பாட்டக் கேளுங்க. பான எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நான் உங்களுக்கும் சேத்து மோந்துட்டு வாரேன்.